பத்து நாள், ஆறு மாதம், ஏழு வருஷம்: கஜாவுக்குப் பிறகு எங்கள் வீட்டு ஏற்பாடு

2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரை கடந்தது. நாங்கள் இருப்பது தஞ்சாவூர் மாவட்டத்தில், பேராவூரணிக்குப் பக்கத்தில். கடலோரம் இல்லையே, நமக்கு மழைதான் வரும் என்று பேசிக்கொண்டே படுத்தோம். விடிந்து பார்த்தால் ஏழரை மா தோப்பில், அதாவது இரண்டரை ஏக்கரில், 172 தென்னையில் நின்றது 19. மற்றதெல்லாம் சீப்பால் வாரிவிட்டது போல ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தன.

அதற்குப் பிறகு கொரோனா வந்தது. திருப்பூரில் வேலை பார்த்த மகன் வேலை போய் வீட்டுக்கு வந்தான். தென்னைக்கு வெள்ளை ஈ வந்தது. தேங்காய் விலை விழுந்தது, எழுந்தது. இத்தனைக்கும் நடுவில் வீட்டை நடத்தியவள் என்ற முறையில், நான் கற்றுக்கொண்டதை எழுதச் சொல்லி மகள் நச்சரித்துக்கொண்டே இருந்தாள். எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். கஷ்டத்துக்கு நீளம் உண்டு. கரண்டு போவது பத்து நாள் கஷ்டம், மிஞ்சினால் ஒரு மாதம். வேலை போவது, கடை மூடுவது ஆறு மாதக் கஷ்டம். தென்னை விழுந்தால் அது ஏழு வருஷக் கஷ்டம். பத்து நாளுக்கான மருந்து ஏழு வருஷத்துக்கு உதவாது. நாங்கள் செய்த பெரிய தப்பு, 'சேமிப்பு' என்று ஒரே ஒரு மூட்டையைக் கட்டி வைத்துவிட்டு எல்லாவற்றுக்கும் அதையே அவிழ்க்கலாம் என்று நினைத்ததுதான்.

பத்து நாளுக்கு

தண்ணீரில் ஆரம்பியுங்கள். அரிசியில் இல்லை. கஜாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கேரளாவில் இருந்தெல்லாம் மின் ஊழியர்கள் வந்து கம்பம் நட்டார்கள். எங்கள் தெருவுக்குக் கரண்டு வந்தது இருபத்தேழாம் நாள். வீட்டில் போர் இருக்கிறது, மோட்டார் இருக்கிறது, மொட்டை மாடியில் ஆயிரம் லிட்டர் தொட்டி இருக்கிறது. குடிக்கத் தண்ணீர் இல்லை. ஆறாம் நாள் ஒருவர் சின்ன வண்டியில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு வீடு வீடாக வந்தார். ஒரு தொட்டி நிரப்ப 300 ரூபாய். அவரைக் குறை சொல்லமாட்டேன், அன்றைக்கு அவர்தான் தெய்வம். ஆனால் எங்கள் வாசலிலேயே ஒரு கைப்பம்பு இருந்தது. மோட்டார் போட்ட பிறகு அதைக் கவனிப்பார் இல்லாமல் துருப்பிடித்துக் கிடந்தது. அதைச் சரிசெய்ய ஆன செலவு, மூன்று தடவை ஜெனரேட்டருக்குக் கொடுத்த காசுக்கும் குறைவு.

ஆகவே, கரண்டு இல்லாமல் தண்ணீர் தரும் ஓர் இடத்தை உங்கள் வீட்டிலோ தெருவிலோ உறுதி செய்யுங்கள். கைப்பம்பு, கயிறும் வாளியும் உள்ள கிணறு, எதுவானாலும் சரி. நகரத்தில் மாடி வீட்டில் இருப்பவர்களுக்கு டிரம்தான் வழி. குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் வேண்டும். நாலு பேருக்குப் பத்து நாளைக்கு இருநூறு லிட்டர். புயல் எச்சரிக்கை வந்ததும் தொட்டி, அண்டா, குடம், ஏன், குழம்புச் சட்டி வரை நிரப்பி மூடி வையுங்கள். மழை பெய்யும்போது தண்ணீர் பிடிப்பதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இருப்பார்கள். சிரிக்கட்டும்.

அரிசி சுலபம். நாலு பேர் வீட்டில் பத்து நாளைக்குப் பதினாறு கிலோ போதும். எங்கள் வீட்டு வழக்கம்: சிப்பத்தைத் திறந்த அன்றே அடுத்த சிப்பம் வாங்கிவிடுவது. எந்த நாளிலும் முழுசாக ஒன்று பிரிக்காமல் இருக்கும். பருப்பு, புளி, உப்பு, எண்ணெய்க்கும் இதேதான். ஆபத்துக்கென்று தனியாகப் பிஸ்கட்டும் டப்பா சாப்பாடும் வாங்கி அடுக்காதீர்கள். அது பூச்சிக்குத்தான் போகும். தினம் சாப்பிடுவதையே ஒரு படி கூடுதலாக வைத்துச் சுழற்றுங்கள். அடுப்பு மூட்ட முடியாத நாளுக்கு அவல் இரண்டு கிலோ, வெல்லம். அப்புறம் கருவாடும் வத்தலும். வெறும் கஞ்சியை மூன்றாம் வேளையும் குடிக்க வைப்பது அந்த வத்தல்தான்.

விறகு விஷயத்தில் ஒரு வேடிக்கை. புயலுக்கு மறுநாள் ஊர் முழுக்க மரம் கிடக்கிறது, எரிக்க ஒரு சுள்ளி இல்லை. எல்லாம் ஈரம். அன்றிலிருந்து எப்போதும் நான்கு கட்டுப் பன்னாடையும் மட்டையும், ஒரு சாக்குச் சிரட்டையும் உள்ளே பரண் மேல் இருக்கும். கேஸ் இருந்தாலும் இருக்கும்.

ரேடியோ ஒன்று வாங்குங்கள், செல் போடுகிற சின்ன ரேடியோ. செல்போன் டவர் சாய்ந்த அந்த நாட்களில் வெளி உலகம் எங்களுக்குத் திருச்சி வானொலிதான். சிக்னல் திரும்பி வந்தபோது கூடவே வாட்ஸ்அப்பில் 'அடுத்த வாரம் இன்னொரு புயல், இதைவிடப் பெரியது' என்று வந்து, பாதித் தெரு தூங்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வானிலைக்கு வானிலை ஆய்வு மையம் சொல்வது மட்டுமே பேச்சு. அதையும் காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை கேட்டால் போதும். கையால் எழுதி வைக்கவேண்டிய எண்கள்: மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077, ஆம்புலன்ஸ் 108. போன் அணைந்துபோனால் அதற்குள் இருக்கும் எண்களும் கூடவே அணைந்துவிடும், ஆகவே சுவரில் எழுதுங்கள்.

மாமியாருக்குச் சர்க்கரை. இன்சுலினைப் பிரிட்ஜில் வைத்துப் பழகிவிட்டு, பிரிட்ஜ் நின்றதும் கை காலெல்லாம் நடுங்கியது எனக்கு. பிறகு நர்சம்மா சொல்லிக்கொடுத்தார்: மருந்துப் புட்டியை நனையாத டப்பாவில் போட்டு, டப்பாவை ஒரு மண்சட்டிக்குள் வைத்து, அந்தச் சட்டியை ஈர மணல் நிரப்பிய பெரிய சட்டிக்குள் இறக்கி, நிழலில் வைத்து ஈரத்துணி போட்டு மூட வேண்டும். மணல் காயாமல் பார்த்துக்கொண்டால் சட்டிக்குள் குளுமை நிற்கும். உங்கள் வீட்டில் யாருக்காவது இன்சுலின் இருந்தால் இதை உங்கள் டாக்டரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். தினசரி மாத்திரை எதுவானாலும் பதினைந்து நாளுக்கானது கூடுதலாக இருக்கட்டும்.

கடைசியாகச் சில்லறை. கரண்டு இல்லையென்றால் ஏடிஎம் இல்லை, சிக்னல் இல்லையென்றால் ஸ்கேன் செய்வதும் இல்லை. 500 ரூபாய்த் தாளுக்கு மீதி கொடுக்கக் கடைக்காரரிடம் காசும் இல்லை. ஐயாயிரம் ரூபாயைப் பத்து, இருபது, ஐம்பது, நூறாக வைத்திருங்கள். அதற்கு மேல் வீட்டில் பதுக்காதீர்கள். 2016 நவம்பர் 8 ராத்திரி பழைய 500, 1000 செல்லாது என்று அறிவித்தபோது என் சிறுவாட்டுப் பணம் 18,500 ரூபாய் உளுந்துப் பானைக்குள் இருந்தது, எல்லாம் 500 ரூபாய்த் தாள். எங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லாமல் மாற்ற வழியில்லை. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆறு மாதம் என்னை 'ரிசர்வ் வங்கி' என்று கூப்பிட்டதுதான் மிச்சம்.

காகிதங்கள்

இதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்களுக்கு நிஜமாகப் பணம் தாமதமானது இதனால்தான்.

விழுந்த தென்னைக்கு மரத்துக்கு 600 ரூபாயும், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும், ஆக 1,100 ரூபாய் அரசு நிவாரணம் அறிவித்தது. எங்கள் 153 மரத்துக்கு 1,68,300 ரூபாய். ஆனால் பட்டா இன்னும் மாமனார் பெயரில் இருந்தது. அவர் இறந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. 'அண்ணன் தம்பிக்குள் சண்டை இல்லை, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்' என்று விட்டிருந்தோம். வாரிசுச் சான்று, கொழுந்தனார் கையெழுத்து, நாத்தனார் கையெழுத்து, ஒவ்வொருவரும் ஒவ்வோர் ஊரில். பக்கத்துத் தோப்புக்காரர் கன்று நட்டு உயிர்த்தண்ணீர் விட்ட பிறகுதான் எங்கள் பணம் வந்தது.

எனவே சும்மா இருக்கும் நாளில் இதைச் செய்யுங்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். இறந்தவர் பெயரில் இருந்தால் இந்த மாதமே மாற்ற எழுதிக் கொடுங்கள். அடங்கலில், அதாவது கிராமத்துப் பயிர்க் கணக்கில், உங்கள் பயிர் சரியாக ஏறியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். நாங்கள் கடலை போட்டிருந்த வருஷமும் அதில் உளுந்து என்றே இருந்தது. வருஷத்துக்கு ஒரு முறை தோப்பையும் வீட்டையும் மாட்டையும் போனில் படம் எடுத்து வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பி வையுங்கள். நின்ற மரத்தின் படம் இருந்தால்தான் விழுந்த மரத்துக்குச் சாட்சி. அசல் பத்திரம், பாஸ்புக், ரேஷன் கார்டு, காப்பீட்டுத் தாள் எல்லாம் மூடி இறுக்கமான ஒரே பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கட்டும். வீட்டில் எல்லோருக்கும் அது இருக்கும் இடம் தெரியட்டும்.

காப்பீடு பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தென்னை வளர்ச்சி வாரியத்தின் தென்னைக் காப்பீட்டுத் திட்டம் புயலுக்கு முன்பே இருந்தது. பதினாறு வயது தாண்டிய மரத்துக்குப் பிரீமியம் 14 ரூபாய். அதில் பாதியை வாரியமும் கால்வாசியை மாநில அரசும் கட்ட, நம் பங்கு மூன்றரை ரூபாய். எங்கள் தோப்பு முழுக்கக் கட்டியிருந்தால் 602 ரூபாய் ஆகியிருக்கும். கட்டவில்லை. இன்றைக்கும் அந்த 602ஐ நினைத்தால் சோறு இறங்காது. ஆளுக்கும் இதேதான்: வங்கிக் கணக்கில் இருந்து வருஷத்துக்கு 20 ரூபாய் பிடித்தால் விபத்துக்கு இரண்டு லட்சம், 436 ரூபாய் பிடித்தால் எந்தக் காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு இரண்டு லட்சம். இரண்டும் பிரதமர் பெயரிலான திட்டங்கள். மே மாதக் கடைசியில் பணம் பிடிப்பார்கள், அப்போது கணக்கில் இருப்பு இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆறு மாதத்துக்கு

எங்கள் வருமானம் தேங்காய் வெட்டுக்கு வெட்டு வருவது. இரண்டு மாதத்துக்கு ஒரு வெட்டு, வெட்டுக்கு முப்பதாயிரம் பக்கம். அது நின்றுபோனது. நான் அன்று செய்த முதல் நல்ல காரியம், ஒரு நாற்பது பக்க நோட்டில் மாதச் செலவை மூன்றாகப் பிரித்து எழுதியது: நிறுத்தவே முடியாதது, தள்ளிப்போடக்கூடியது, நிறுத்தினால் யாருக்கும் தெரியாதது. மூன்றாவதில் எவ்வளவு இருக்கிறது என்று எழுதிப் பார்த்தால்தான் தெரியும். எங்களுக்கு மாதம் 2,100 ரூபாய். டிவி கேபிள், எங்கள் வீட்டுக்காரரின் டீக்கடைப் பாக்கி, நான் மாதாமாதம் கட்டிக்கொண்டிருந்த பாத்திரச் சீட்டு.

கடன் விஷயத்தில் கறாராக இருங்கள். நூற்றுக்கு மூன்று வட்டி என்று காதில் விழும்போது சின்னதாகத் தெரியும். வருஷத்துக்கு அது 36. நகையைக் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ வைத்தால் அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. 'நகை வைத்தால் ஊருக்குத் தெரியும்' என்று வெட்கப்பட்டு மீட்டர் வட்டிக்கு வாங்கியவர்கள் பிறகு நகையையும் வைத்தார்கள், நிலத்தையும் எழுதிக் கொடுத்தார்கள். வாராவாரம் கட்டும் குழுக் கடனில் இன்னொரு சூட்சுமம் உண்டு. பக்கத்து வீட்டுக்காரி கட்டாவிட்டால் நீங்கள் கட்ட வேண்டும். நான் ஒருத்திக்காகக் கையெழுத்துப் போட்டு ஏழு வாரம் அவள் தவணையையும் கட்டினேன். அவள் ஏமாற்றுக்காரி இல்லை, அவள் தோப்பும் விழுந்துதான் கிடந்தது. ஒரே ஊரில், ஒரே பயிரை நம்பி இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் ஜாமீன் போடுவதில் அர்த்தமில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தவணை தவறப்போகிறது என்று தெரிந்தால் தவறுவதற்கு முன்பே போய்ச் சொல்லுங்கள். முன்னால் போனால் பேச்சுவார்த்தை, பின்னால் போனால் பஞ்சாயத்து.

எங்கள் பக்கத்துக்கே உரிய ஒன்று மொய் விருந்து. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் ஆடி மாதம் பிறந்தால் பந்தல் பந்தலாகக் கறிச்சோறு போட்டு மொய் வாங்குவார்கள். ஒரு குடும்பத்துக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை முறை வரும். வட்டியில்லாப் பணம், கொத்தாகக் கைக்கு வரும். அதை வைத்துப் போர் போட்டவர்கள், பிள்ளையைப் படிக்க வைத்தவர்கள் உண்டு. வெளியூர்க்காரர்கள் இதைச் சாப்பாட்டுக் கூத்து என்று நினைக்கிறார்கள். எங்களுக்கு அது நோட்டுப் போட்டு நடக்கும் வங்கி. ஆனால் கஜாவுக்குப் பிறகு வந்த ஆடியில் போட்டது திரும்பி வராமல் பலர் தவித்தார்கள். போட்டவர்கள், வாங்கியவர்கள் இரண்டு பேருக்கும் ஒரே காற்றில்தானே மரம் சாய்ந்தது. மொய் வந்தால் அதை வரவுப் பக்கம் எழுதாதீர்கள். கடன் பக்கம் எழுதுங்கள். கல்யாணத்துக்கோ வீடு கட்டவோ எடுக்காதீர்கள், வருமானம் தரும் ஒன்றில் போடுங்கள். சீட்டு, குழு, மொய் எதுவானாலும் இதே கணக்குதான்.

அப்போது வீட்டை இழுத்தது எது என்று கேட்டால், ஒரு கறவை மாடும் என் தையல் மெஷினும். மாடு தினமும் கறந்தது, பால் சங்கத்தில் பணம் தவறாமல் வந்தது. ரவிக்கை தைத்தது சில்லறைதான், ஆனால் புயலிலும் பெண்களுக்குத் தீபாவளி, பொங்கல் வராமல் இல்லை. ஒரு வீட்டுக்கு மூன்று வரும்படியாவது வேண்டும், அவை மூன்றும் ஒரே காரணத்தால் ஒரே நாளில் நிற்கக் கூடாது. தேங்காய், கொப்பரை, கயிறு என்று வைத்துக்கொண்டு மூன்று என்று எண்ணாதீர்கள். அது ஒன்றுதான். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து மகன் வந்தபோது, தையல் முகக்கவசமாக மாறியது. அவன் திருப்பூரில் ஓவர்லாக் ஓட்டியவன், என்னைவிட வேகம்.

ஏழு வருஷத்துக்கு

விழுந்த மரத்தை அப்படியே போட்டால் அழுகி, அதில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டு, மிச்சம் நிற்கும் மரத்தின் குருத்தைத் தின்னும். இது எனக்குத் தெரியும், எங்கள் வீட்டுக்காரருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் அவர் ஒன்றரை மாதம் தோப்புப் பக்கமே போகவில்லை. அவர் அப்பா கையால் நட்ட மரங்கள். திண்ணையில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், சாப்பிடுவார், போய் உட்காருவார். அந்த நாட்களில் மனசு விட்டுப்போய் உயிரை விட்டவர்களைப் பற்றிய செய்திகள் சுற்று வட்டாரத்தில் இருந்து வந்துகொண்டே இருந்தன. எனக்கு ராத்திரித் தூக்கம் இல்லை.

நான் 'எல்லாம் சரியாகிவிடும்' என்று சொல்லவில்லை. சரியாகாது என்று அவருக்குத் தெரியும். அந்த வார்த்தையைச் சொல்கிறவர்களைப் பார்த்தாலே எழுந்து போய்விடுவார். ஒரு நாள் காலையில், 'வண்டு குருத்தில் ஏறுது, நிக்கிற பத்தொன்பதும் போயிடும், மூணு மரம் மட்டும் அறுத்துத் தாங்க' என்றேன். மூன்றுதான். மறுநாளும் மூன்று. ஐம்பது நாளில் தோப்பு வெளுத்தது. உங்கள் வீட்டில் யாராவது இப்படி உட்கார்ந்துவிட்டால், பெரிய நம்பிக்கை எதையும் கையில் கொடுக்காதீர்கள். அன்று மாலைக்குள் முடிகிற வேலை ஒன்றைக் கொடுங்கள், அது நிஜமாகவே தேவைப்படுகிற வேலையாக இருக்க வேண்டும். ராத்திரிச் சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிட விடாதீர்கள். அதிலும் அசையவில்லை, சாவைப் பற்றிப் பேசுகிறார் என்றால் தாமதிக்காமல் 104க்கோ 14416க்கோ கூப்பிடுங்கள். இரண்டாவது மனநலத்துக்கென்றே உள்ள எண், தமிழில் பேசுவார்கள்.

புதுக் கன்று வைக்கும்போதுதான் வீட்டில் சண்டை. அவருக்கு முழுத் தோப்பிலும் நெட்டை ரகத் தென்னை வேண்டும். நெட்டை காய்க்க ஆறேழு வருஷம். குட்டை மூன்று, நான்கு வருஷத்தில் காய்க்கும், ஆனால் அத்தனை காலம் நிற்காது. கடைசியில் நாலரை மாவில் நெட்டை, ஒன்றரை மாவில் குட்டை, மிச்சம் ஒன்றரை மாவில் தென்னையே கிடையாது என்று முடிந்தது. கன்றுக்குக் கன்று இருபத்தைந்து அடி இடைவெளி. நடுவில் முதல் இரண்டு வருஷம் கடலையும் உளுந்தும், பிறகு வாழை. காத்திருக்கும் வருஷங்களுக்குச் சோறு போட்டது அந்த இடைவெளிதான். உங்களுக்கு நிலம் இல்லாமல் இருக்கலாம். பிள்ளை படிப்பு, புதுத் தொழில், கட்டிக்கொண்டிருக்கும் வீடு என்று ஏழு வருஷம் கழித்துக் காய்க்கும் எதை நட்டாலும், நடுவில் மூன்று மாதத்தில் அறுக்கிற ஒன்றையும் ஊன்றிவிடுங்கள்.

கஜா அடித்தபோது பனை நின்றது. தென்னை வரிசையாகச் சாய்ந்து கிடக்க, வரப்பில் பனை மட்டும் தலையை விரித்துக்கொண்டு நின்ற காட்சியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அடுத்த வருஷம் தெற்கு வரப்பு முழுக்கப் பனங்கொட்டை ஊன்றினேன். செலவு ஒன்றும் இல்லை, குழி தோண்டிய கூலி கூட நான்தான். அது பாளை விட இன்னும் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும். எனக்கு இப்போது வயது ஐம்பத்தெட்டு.

2025இல் நெட்டையில் முதல் பாளைகள் வெடித்தபோது தேங்காய் விலையும் உச்சத்தில் இருந்தது. எங்கள் வீட்டுக்காரர் உடனே, தென்னை இல்லாத அந்த ஒன்றரை மாவிலும் கன்று வைக்கலாமே என்று ஆரம்பித்தார். நோட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். பேச்சு அதோடு நின்றிருக்கிறது, இப்போதைக்கு.

ஒவ்வொரு வருஷமும் புரட்டாசி முடிவதற்குள், ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் எடுத்துப் பார்ப்பேன். இந்த வருஷம் பார்த்ததில் டார்ச்சுக்குள் செல் கசிந்திருக்கிறது, அவலில் வண்டு, அத்தையின் மாத்திரை ஒரு பட்டை காலாவதி. கைப்பம்பு நாலு அடி அடித்தால்தான் தண்ணீர் எடுக்கிறது, வாஷர் தேய்ந்திருக்க வேண்டும். நாளைக்குப் பேராவூரணி போகும்போது இரண்டாக வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன், ஒன்று எதிர்வீட்டுக் கைப்பம்புக்கு.